அட்டபந்தனமும் ஆதிகாலப் பசைகளும்

குடமுழுக்கு விழாவிற்கு வந்து கூடும் அன்பர்களின் கண்கள் எல்லாம் விமானத்தின் கலசத்தின்மீதே நிலைத்திருக்கும். யாகசாலையினின்றும் புறப்பட்ட கடத்து நீர் கலசத்தின்மேல் சொரியப்படும் அந்தக் கணத்தைக் காண்பதற்கென்றே பல காததூரம் கடந்து வருவோர் உளர். ஆயினும் அதற்குச் சின்னாட்களுக்கு முன்னரே, கருவறையினுள், விளக்கொளியில், ஆரவாரம் ஏதுமின்றி நடந்து முடிந்துவிட்ட செயலொன்று உண்டு. மூலமூர்த்தியையும் அம்மூர்த்தி எழுந்தருளியுள்ள பீடத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் மருந்து சாத்துதலே அது. 'அஷ்டபந்தன மகாகும்பாபிஷேகம்' என்று அழைப்பிதழ்களில் பொறிக்கப்படும் பெயர் அம்மருந்தினால் வந்ததே யாகும். விழாவின் பெயரைத் தினந்தோறும் உச்சரிப்போருள்ளும் அப்பெயரின் பொருளை ஆராய்ந்தவர் சிலரே.

அட்டபந்தனம் என்பது எட்டுப் பொருள்களின் கூட்டு. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்பன அவ்வெட்டும். இவற்றைத் தக்க அளவில் சேர்த்து, கல்லுரலில் இட்டு இடித்து, மெழுகுபோல் இளகிய பதத்தில் எடுத்துக் கயிறாகத் திரித்து, மூர்த்தியின் அடிப்பாகம் பீடத்தின் குழியில் அமர்ந்துள்ள இடைவெளி முழுவதும் செறித்து நிரப்புவர். சில நாட்களில் அது கல்லோடு கல்லாக இறுகிவிடும். மூர்த்தி அசைவற்று நிற்பதற்கு இஃதோர் காரணம். மற்றொன்று, அதனினும் இன்றியமையாதது: பீடத்தின் அடியில் இரத்தினங்களும் யந்திரமும் வைக்கப்பெற்றுள்ள குழிக்குள் அபிடேக நீர் ஒரு துளியும் இறங்காதவாறு காப்பது இந்தப் பந்தனமே. எனவே இது பசையுமாம், நீர்க்காப்புமாம். பன்னீராண்டுக்கு ஒருமுறை இதனைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது கோயில் வழக்கு. பொன்னைக் கொண்டு செய்யும் சுவர்ணபந்தனமும் உண்டெனினும் அது பெருஞ்செல்வர் பணி. ஊர்தோறும் வழங்குவது அட்டபந்தனமே.

இந்தக் கூட்டில் உள்ள எட்டுப் பொருள்களையும் ஒருவர் தனித்தனியே நோக்குவாராயின் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒட்டுந் தன்மை உடையன கொம்பரக்கும் குங்கிலியமும். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கொம்புகளில் சிறு பூச்சியினம் சுரந்து மூடும் பிசின் அந்தக் கொம்போடு ஒடித்து எடுக்கப்படுதலின் கொம்பரக்கு எனப் பெயர் பெற்றது. குங்கிலியம் மலைமரத்தின் பட்டையினின்றும் கசிந்து உறைவது. இவ்விரண்டும் உறுதியானவை, ஆனால் நொறுங்குந் தன்மையுடையவை. தனித்த குங்கிலியக் கட்டியைத் தரையில் எறிந்தால் கண்ணாடிபோல் சிதறும். அக்குறையை நீக்கி நெகிழ்வு தருவன தேன்மெழுகும் வெண்ணெயும். சுண்ணாம்புக் கல்லாகிய சுக்கானின் தூளும் காவிக்கல்லும் கூட்டுக்கு உடலும் கனமும் ஊட்டிச் சுருக்கத்தைத் தடுப்பன. செம்பஞ்சின் இழை, மண்சுவரில் வைக்கோல் நிற்பதுபோல, உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பது. இரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் நஞ்சாதலின் பூச்சி புழுக்கள் அண்டுவதில்லை. 'மருந்து' என்று பெரியோர் இதற்குப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! மருத்துவன் ஒரு சரக்கின் குற்றத்தை மற்றொரு சரக்கால் முறித்துக் குளிகை கூட்டும் முறையே இங்கும் காணப்படுகின்றது.

இம்முறை எத்துணைப் பழமையானது என்பதற்கு அயல்நாட்டு அகழாய்வுகள் வியப்பான சான்று தருகின்றன. தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்னும் குகையில் ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், கல்லலகுகளை மரக்கைப்பிடியில் பொருத்துவதற்கு மரப்பிசினோடு காவிக்கல்லின் தூளைக் கலந்திருந்தனர். ஆய்வாளர் அம்முறையைத் தாமே செய்து பார்த்தனர். பிசின் மட்டும் இட்ட கருவி எளிதில் பிடிவிட்டது. காவி கலந்தது உறுதியாக நின்றது. அந்நாட்டிலேயே பார்டர் குகை என்னுமிடத்தில் 40,000 ஆண்டுப் பழமையுடைய சிறு கட்டி ஒன்று கிடைத்தது. தேன்மெழுகையும் கள்ளியினப் பிசினையும் கலந்து, செடிநாரால் சுற்றிவைத்த கட்டி அது. பிசின், காவி, மெழுகு, நார் என்னும் இந்நான்கையும் அட்டபந்தனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார் என்று துணிந்து கூறுதற்கு இடமில்லை. ஒட்டும் பொருளின் இயல்பை ஊன்றி நோக்கிய மாந்தர், எந்நாட்டினராயினும், ஒரே முடிபிற்கு வந்து சேர்ந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

குளிர்நாடுகளில் மாந்தர் வேறொரு வழியும் கண்டனர். அங்கே வளரும் பூர்ச்ச மரத்தின் பட்டையைக் காற்றுப் புகாமல் சூடேற்றினால் கரிய கீல் வடியும். இத்தாலி நாட்டில் காம்பிதெல்லோ என்னுமிடத்தில் அவ்வாறு வடித்த கீல் படிந்த கற்சில்லுகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டு. அவற்றைச் செய்தவர் இக்கால மனித இனத்தவரும் அல்லர். நியாண்டர்தால் என்னும் மறைந்துபோன இனத்தவர். 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியினுள் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட மனிதனிடம் இருந்த செப்புக் கோடரியின் அலகும் அம்புகளின் கல்முனைகளும் பூர்ச்சக் கீலால் ஒட்டப்பட்டவையே. டென்மார்க்கில் 5,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மென்று துப்பிய கீற்கட்டியினின்றும் அவளுடைய மரபணுக்கூறு முழுவதையும் 2019-ஆம் ஆண்டில் அறிஞர் மீட்டெடுத்தனர் என்றால், நீரும் காலமும் தொடமுடியாத பாதுகாப்பினைக் கீல் அளிக்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இதனைக் கேட்டு அயல்நாட்டார் திறம் என்று மட்டும் வியந்து நின்றுவிடுதல் சரியன்று. காற்றுப் புகாமல் சுட்டு வடிக்கும் அதே முறை தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில் 'குழித்தைலம்' என்னும் பெயரால் இன்றும் வாழ்கின்றது. நிலத்தில் குழி தோண்டி ஒரு கலத்தை வைத்து, அதன்மேல் அடியில் துளையிட்ட மற்றொரு கலத்தில் சிரட்டையோ சேங்கொட்டையோ இட்டு, வாய் மூடிச் சீலைமண் செய்து, சுற்றிலும் வறட்டி அடுக்கி எரிப்பர். மேற்கலத்துச் சரக்கு எரியாமல் வெந்து, அதன் கரிய நெய் சொட்டுச் சொட்டாகக் கீழ்க்கலத்தில் இறங்கும். சிரட்டைத் தைலம் தோல்நோய்க்குப் பூசப்படுவதை நாட்டுப்புறத்தார் பலரும் அறிவர். கீல் என்ற சொல்லே தமிழில் தொன்றுதொட்டு வழங்குவது. மண்ணினின்றும் ஊறும் இனத்தை நிலக்கீல் என்றனர். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில், செங்கற் சுவரின் இடையே, நீர் கசியாமைப் பொருட்டு நிலக்கீல் ஓர் அடுக்காகப் பூசப்பட்டிருந்தது. நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குளம் நீராட்டுச் சடங்கிற்கு உரியது என்பது அறிஞர் பலரின் கருத்து. புனித நீரைக் கசியவிடாது காக்கும் கவலை இந்நாட்டிற்குப் புதியது அன்று.

கடலோடிகளுக்கும் இதே கவலை உண்டு. ஆனால் அவர்கள் நீரை உள்ளே விடாமல் காத்தாக வேண்டியவர்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கீழைக்கடல் மரக்கலங்களின் பொருத்துகளில் நாரைச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது வழக்கம். கலப்பற்றுதல் என்று இதனைக் கூறுவர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கிழக்கத்திய கப்பல்களைப் பற்றி எழுதுமிடத்தில், அவர்கள் கீல் இன்மையால் சுண்ணாம்பையும் நறுக்கிய நாரையும் மரநெய்யோடு சேர்த்து இடித்துப் பூசுகின்றனர் என்று குறித்துள்ளான். சுண்ணாம்பு, நார், நெய், இடித்தல்! கருவறையில் நடப்பதும் கப்பல்துறையில் நடப்பதும் தம்முள் உறவுடையன என்பதை வெனிஸ் நகரத்து வணிகன் அறிந்திருக்க நியாயமில்லை. குங்கிலிய இனப் பிசின் கடல்கடந்து சென்ற தொலைவும் சிறிதன்று. எகிப்து நாட்டுச் சக்காராவில் கி.மு. 7-ஆம், 6-ஆம் நூற்றாண்டுகளில் சடலம் பதனிட்டோர் பயன்படுத்திய மட்கலங்களைச் சோதித்த ஆய்வாளர், ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளில் மட்டுமே கிடைக்கும் அவ்வினப் பிசினை அவற்றுள் கண்டதாக 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மலாய் மொழியினர் இப்பிசினை டாமர் என்பர். கன்னட நாட்டார் சாலைக்கு இடும் தாரை டாம்பர் என்றழைப்பதில் அச்சொல்லின் எதிரொலி கேட்கின்றது.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் வருவோர், இவ்வெட்டுப் பொருள்களில் பலவற்றின் பிறப்பிடத்தைக் கண்ணெதிரிலேயே காணலாம். தமிழ்நாடு அரசின் இலச்சினையில் இடம்பெற்ற வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்திற்கு மேற்கே தொடர்ச்சியாக நிற்கும் மலைகளே அவை. அவற்றின் உயரமான மழைக்காடுகளில் கருங்குங்கிலிய மரம் உண்டு. மலைக்கு அப்பால் மலையாளச் சரிவில் வெள்ளைக் குங்கிலிய மரம் மிகுதி. செண்பகத்தோப்பிலும் இராஜபாளையத்து அய்யனார் கோயில் மலையடிவாரத்திலும் வாழும் பளியர் குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தேனும் மெழுகும் காட்டுச் சரக்குகளும் திரட்டியவர்கள். பாறை இடுக்குகளில் கொடியைப் பிடித்துத் தொங்கி மலைத்தேன் எடுக்கும் அவர்கள் உழைப்பில் ஒரு பகுதி, மெழுகாக, எந்தெந்தக் கருவறையில் எந்தெந்த மூர்த்தியின் திருவடியில் சென்று சேர்ந்தது என்பதைக் கணக்கிட எவரால் இயலும்? மடவார்வளாகத்து வைத்தியநாதர் கோயிலிலும், பெத்தவநல்லூர் மாயூரநாதர் கோயிலிலும், சேற்றூரை அடுத்த தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய ஈசன் கோயிலிலும் கருங்கல் மூர்த்தியைத் தாங்கி நிற்பது நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் அன்று.

இவ்வட்டாரத்து மக்கள் ஒட்டும் பொருளை அறிந்த காலம் கோயில்களுக்கும் முந்தியது. விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் பொன்னணிகளும் வெளிப்பட்டன, நுண்கற்கருவிகளும் கிடைத்தன. விரல்நகத்தளவேயான அக்கற்களை வெறுங்கையால் பிடித்து வேலை செய்தல் இயலாது. மரத்திலோ எலும்பிலோ காடி வெட்டி, பலவற்றை வரிசையாகப் பதித்து, பசையிட்டு இறுக்கினாலன்றி அவை கருவியாகா. குளிர்நாட்டுப் பனியும் சேறும் கீலைக் காத்துத் தந்தன. தென்னாட்டு வெயிலும் செம்மண்ணும் அவ்வாறு காப்பதில்லை. ஆகவே இங்கே கல் எஞ்சியது. அதைப் பற்றியிருந்த பசை மறைந்தது. ஆயினும் அக்கலை மறையவில்லை. அரிவாளின் காம்பை மரப்பிடியில் அரக்கு உருக்கி ஊற்றி இறுக்கும் கொல்லரும், பொன்னணியின் உட்கூட்டில் அரக்கு நிரப்பும் தட்டாரும், கடிதத்தின் வாயை அரக்கு முத்திரையால் மூடிய அரண்மனைக் கணக்கரும் அதனைக் கைவிடாமல் போற்றினர். அவர்கள் எல்லாரினும் சிறந்த இடத்தில் அதைக் காத்தவர் ஆலயத் தொண்டரே.

குங்கிலியம் என்றவுடன் சைவ அன்பர் நெஞ்சில் எழும் திருவுரு குங்கிலியக் கலயநாயனாருடையது. மனைவியின் தாலியையும் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிக் கடவூர் ஈசனுக்குத் தூபமிட்டவர் அவர். தாடகை என்னும் அடியாள் சாத்திய மாலையை ஏற்பதற்காகத் திருப்பனந்தாளில் சாய்ந்த சிவலிங்கத்தை அரசனது யானைப்படையும் நிமிர்த்த மாட்டாது ஓய்ந்தபோது, தம் கழுத்திற் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தியவரும் அவரே. குங்கிலியத்தைப் புகையாக்கி வழிபட்ட கைகளே சாய்ந்த மூர்த்தியை நேர்நிறுத்தின என்பதில், மூர்த்தியை அசையாது நிறுத்தும் மருந்தில் அக்குங்கிலியமே கூடியிருப்பதை எண்ணும் அன்பர்க்கு, ஓர் இன்பம் தோன்றாமற் போகாது. வைணவ ஆலயங்களிலும் காப்பு என்னும் கருத்து வேறு வடிவில் விளங்குகின்றது. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் திருமேனி சுதையால் ஆகியது; ஆதலின் அங்கே மூலவர்க்குத் திருமஞ்சனம் இல்லை; ஆண்டுக்கு இருமுறை தைலக்காப்பே சாத்தப்படுகின்றது. நறுமணத் தைலம் சுதையின் நுண்துளைகளை அடைத்து ஈரமும் பூச்சியும் அணுகாமற் காக்கின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழியில் ஆண்டாள் நாச்சியார்க்கு நிகழும் எண்ணெய்க்காப்பு உற்சவமும், மூலிகைகள் கூட்டிக் காய்ச்சிய தைலத்தால் நிகழ்வது. அது காப்பதனினும் கோலமாகவும் பரிவாகவும் அன்பர் உள்ளத்தில் நிற்பது.

அட்டபந்தனம் இடிக்கும் முறையை அருகிருந்து பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். சரக்குகளைத் தனித்தனியே பொடித்துச் சலித்து, குப்பை நீக்கி, பஞ்சைக் கொட்டைபோக்கிச் சன்னமாகப் பிய்த்துச் சேர்ப்பர். கருங்கல் உரலில் இட்டுக் கனத்த உலக்கையால் மாறி மாறி இடிப்பர். முதலில் மணல்போல் உதிரும். இடி விழ விழ உண்டாகும் சூட்டில் அரக்கும் மெழுகும் இளகிக் கலக்கும். இடையிடையே வெண்ணெய் இடுவர். உலக்கையில் ஒட்டி இழுபடத் தொடங்கிய பின்னும் ஓய்ந்துவிடலாகாது. வெண்ணெய் மிகுந்தால் இறுகாது; குறைந்தால் வெடிக்கும். இந்த அளவு ஏட்டில் எழுதியதால் மட்டும் வருவதன்று. வெயிலும் மழையும் நோக்கிக் கையறிவால் மாற்றிக்கொள்ள வேண்டுவது. அவசரம் மிகுந்த இக்காலத்தில் உரலையும் உலக்கையையும் விட்டு, உருக்கிக் கிண்டி ஒரு பொழுதில் முடித்துவிடும் பழக்கம் சிற்சில இடங்களில் நுழைந்துள்ளது. அவ்வாறு செய்தது இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே விளிம்பில் விண்டு, அபிடேக நீர் உள்ளே வழி கண்டுவிடும்.

அதனினும் வருந்தத்தக்கது பீடத்தில் சிமெண்டு பூசுதல். 'பன்னீராண்டில் பழுதாகும் மருந்து எதற்கு? என்றும் நிற்கும் சிமெண்டு இருக்கின்றதே' என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் உபயதாரர் உண்டு. சிமெண்டு உலரும்போது சுருங்கும். கல்லுக்கும் அதற்கும் இடையே மயிரிழை போன்ற பிளவு விடும். அப்பிளவு வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அதனைப் பெயர்க்க வேண்டுமாயின் உளியால் உடைத்தே தீரவேண்டும். உளி சறுக்கினால் பீடத்தின் விளிம்போ மூர்த்தியின் அடியோ ஊறுபடும். பின்னப்பட்ட மூர்த்திக்கு நேரும் கதியை ஆலய நெறி அறிந்தோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. அட்டபந்தனமோ சூட்டுக்கு இளகும். பாலாலயம் செய்து கலையை இடம் மாற்றிய பின், பழைய மருந்தை மூர்த்திக்குத் தீங்கின்றிச் சுரண்டி எடுக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல நெய்ப்பசை குன்றி அது வறளுவதும் உண்மையே. அவ்வறட்சி வந்து வெடிப்புக் காணும் முன்னரே புதுப்பிக்கத்தான் பன்னீராண்டு வரையறை. வலிமை வேண்டும் இடத்தில் வலிமையும், விட்டுக்கொடுக்க வேண்டும் காலத்தில் இளக்கமும் உடைய பசையைத் தேடித்தான் இக்கால அருங்காட்சியகத்தாரும் உழைக்கின்றனர். மீட்க இயலாத ஒட்டு ஒட்டன்று என்பது அவர்கள் தொழில்நெறி.

நல்ல மருந்துக்கு நல்ல சரக்கு வேண்டும். அங்கேதான் இடர் உள்ளது. கருங்குங்கிலிய மரத்தின் பட்டையை வெட்டி அடியில் நெருப்பிட்டுப் பிசின் வடிக்கும் பழைய முறையில், அளவறியாதோர் கையில் அகப்பட்ட மரங்கள் பட்டுப்போயின. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல் நிற மலையணிலைக் காக்கும் பொருட்டு 1988-ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2021-ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்படுதல் நன்றே; மரம் நின்றாலன்றிப் பிசின் ஏது? ஆயினும் மலைச்சரக்கு முன்போல் தங்குதடையின்றி அடிவாரத்துக்கு வருவதில்லை. இந்தோனேசியத் தீவுகளினின்றும் கப்பலேறி வரும் டாமர் உலகச் சந்தையில் மிகுதி. கடையில் குங்கிலியம் என்று கேட்டால் எந்த மரத்துப் பிசின் கைக்கு வரும் என்பதைச் சரக்கறிந்தவரே கூறமுடியும். தேன்மெழுகின் பெயரால் மண்ணெண்ணெய் இனத்து வெள்ளை மெழுகும், சாதிலிங்கத்தின் பெயரால் வெறுஞ் சிவப்புச் சாயமும் கலக்க இடமுண்டு. மெழுகை விரலால் பிசைந்து முகர்ந்து பார்த்தால் தேன்மணம் வரும். குங்கிலியத்தைத் தணலில் இட்டால் அதன் புகை தன் இனத்தைச் சொல்லிவிடும். சாதிலிங்கம் கையில் கனக்கும். திருப்பணிக் குழுவினர் சரக்கு வாங்கும் நாளில் அனுபவமிக்க ஸ்தபதியையோ மருந்திடிக்கும் முதியவரையோ உடன் அழைத்துச் செல்வது, கோபுரத்திற்கு வண்ணம் தேர்வதில் செலுத்தும் கவனத்தில் பாதியேனும் இதற்குச் செலுத்தியதாகும். ஒரு கோயிலின் குடமுழுக்குச் செலவில் அட்டபந்தனத்திற்கு ஆகும் தொகை மிகச் சிறிது. அதிற் குறைக்கப்படும் காசினால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

மருந்து சாத்தும் நாளில் கருவறைக்குள் இருப்போர் சிலரே. பழைய பந்தனம் நீக்கப்பட்டு, பீடத்தின் குழி துடைத்து உலர்த்தப்பட்டிருக்கும். வெதுவெதுப்பான மருந்துக் கயிற்றை ஒருவர் நீட்ட, மற்றவர் மூர்த்தியைச் சுற்றிலும் பெருவிரலால் அழுத்தி அழுத்திச் செறிப்பார். காற்றுக்கும் இடமிராதபடி விளிம்பை வழித்து, கோமுகியை நோக்கிச் சாய்வு விடுவார். சில நாட்கள் நீர்படாது அது இறுக விடப்படும். குடமுழுக்கன்று கடநீர் திருமுடிமேல் இறங்கி, திருவடியைச் சூழ்ந்து, ஓரிடத்தும் தங்காமல், புதிய பந்தனத்தின்மீது வழுவழுவென்று ஓடிக் கோமுகி வழியே வெளியே வந்து விழும். அங்கே கையேந்தி நிற்போர் அதனை ஏற்றுக்கொள்வர்.